வாழ்க்கைத் தரப் படிவத்தைத் தமிழில் சோதிப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

குடியாத்தம் தாண்டி ஒரு கிராமம். பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு அம்மா, கழுத்தில் கட்டியோடு திண்ணையில் பாய் போட்டுச் சாய்ந்திருந்தார். படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்: "கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது? ஒன்றிலிருந்து ஏழுக்குள் சொல்லுங்கள்." அவர் தலையைத் தூக்கி மேலே ஓட்டைப் பார்த்தார். "தரம் இன்னாம்மா தரம்? ஓட்டு வீடுதான். பெரியவன் மாடி எடுக்கறேன்னு சொல்லிக்கினு கீறான். ரெண்டு போட்டுக்கோ."

அந்த வாரம்தான் அவருக்கு மருந்து அளவு சரியாக அமைந்து, பல நாள் கழித்து ராத்திரி தூங்கியிருந்தார். பேத்தி மடியை விட்டு இறங்காமல் இருந்தாள். கஞ்சி இறங்கியது. நான் பேசாமல் 2 என்று வட்டம் போட்டிருந்தால், சிகிச்சை பலிக்கவில்லை என்று கணினி சொல்லியிருக்கும். அவர் மதிப்பெண் போட்டது வீட்டுக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதுநிலை மாணவர்கள், செவிலியர்கள், சமூகப்பணி படிப்பவர்கள், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் என யார் கையிலாவது ஒரு ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து "இதைத் தமிழ்ல வேலிடேட் பண்ணுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதாவது, தமிழிலும் அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பலர் நேராகப் புள்ளியியல் மென்பொருளைத் திறக்கிறார்கள். அது கடைசி வேலை. நாம் கேட்ட கேள்வியும் நோயாளி காதில் விழுந்த கேள்வியும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நேரத்தில் பெரும்பகுதியை அதற்கு ஒதுக்குங்கள்.

எந்தப் படிவம்

கடுமையான நோயில் வலியையும் தொந்தரவையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சையில் (பாலியேட்டிவ் கேர்) இருப்பவர்களுக்கென்று புழங்கும் படிவங்கள் நாலைந்து உண்டு. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈஓஆர்டிசியின் கியூஎல்கியூ-சி30 என்பது 30 கேள்விகள் கொண்டது. அதைச் சுருக்கி ஆதரவு சிகிச்சைக்காகவே 2006-இல் வந்தது சி15-பால், 15 கேள்விகள். இரண்டும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஃபேசிட்-பால் 46 கேள்விகள், அதுவும் ஏழு நாள் கணக்கு. கனடாவின் மெக்கில் படிவம் 1995-இல் வெளிவந்தது. கடந்த இரண்டு நாளை மட்டும் கேட்கும், வாழ்வின் அர்த்தம் பற்றிய கேள்விகளுக்குத் தனி இடம் தரும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவான ஐபாஸ், உங்களுக்கு முக்கியமான கஷ்டங்கள் என்னென்ன என்று நோயாளியின் சொந்த வார்த்தையிலேயே தொடங்கும். மூன்று நாள் கணக்கிலும் ஏழு நாள் கணக்கிலும் பதிப்புகள் உண்டு, ஊழியர் நிரப்பும் பதிப்பும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், வீட்டுக்குப் போய்க் கேட்பதாக இருந்தால் 20 கேள்விக்கு மேல் போகாதீர்கள். உட்காரவே முடியாதவரிடம் 46 கேள்வி கேட்பது அவருக்கும் பாரம்; முப்பதாவது கேள்விக்கு மேல் வரும் பதில்களை நம்பவும் முடியாது. இரண்டு நாள், மூன்று நாள் கணக்கும் ஒரு வசதிதான். படுக்கையில் கிடப்பவருக்குக் கிழமை மறந்துபோகும். "கடந்த ஒரு வாரம்" என்றுதான் கேட்டாக வேண்டும் என்றால், "போன வெள்ளிக்கிழமையிலிருந்து இன்றைக்கு வரை" என்று ஒரு முளை அடித்துக் கொடுங்கள். சந்தை நாள், கோயிலுக்குப் போன நாள், நர்ஸ் வந்து போன நாள் எதுவானாலும் சரி. ஆனால் எல்லாரிடமும் ஒரே முறையில் செய்யுங்கள்.

அனுமதி, அப்புறம் ஏற்கெனவே இருக்கும் தமிழ்

இவற்றில் பெரும்பாலானவை உரிமம் உள்ளவை. கல்வி ஆய்வுக்கு இலவசமாகவே தருவார்கள், ஆனால் எழுதிக் கேட்க வேண்டும். கேட்கும்போதே தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரப் படிவம் உருவான காலத்திலேயே சென்னை அதன் கள மையங்களில் ஒன்று. தமிழில் ஏற்கெனவே பல கருவிகள் இருக்கின்றன. தெரியாமல் ஒன்றை மறுபடி மொழிபெயர்த்தால் ஒரு வருட உழைப்பு வீண்.

தமிழ்ப் பதிப்பு கிடைத்துவிட்டது என்றால் வேலை முடிந்ததா? இல்லை. அது எந்த ஊர்த் தமிழ் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் "வருத்தம்" என்றால் நோய். வேலூரில் வருத்தம் என்றால் துக்கம். "உங்கள் வருத்தம் உங்களைப் பாதித்ததா" என்று அங்கே உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்வி, காட்பாடிக்கு வந்ததும் மனதைப் பற்றிய கேள்வியாகிவிடும். அங்கே "சத்தி" என்றால் வாந்தி. இங்கே சக்தி என்று காதில் விழும், "ஏதோ இருக்குதும்மா" என்று பதில் வரும். இரண்டும் நல்ல தமிழ். படிவத்துக்கு மட்டும் ஆபத்து.

மொழிபெயர்ப்பு

நடைமுறை எல்லா அமைப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே. இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் வைத்து ஒன்றாக இணைக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். மூலத்தோடு ஒப்பிட்டு, மாறியதைத் திருத்த வேண்டும். பிறகு நோயாளிகளிடம் போக வேண்டும். 2005-இல் இஸ்பார் என்ற சர்வதேச மருத்துவப் பொருளாதார ஆய்வு அமைப்பின் குழு இதையே பத்துப் படிகளாக வகுத்து வெளியிட்டது. ஈஓஆர்டிசிக்குத் தனிக் கையேடு இருக்கிறது. நீங்கள் எடுத்த படிவத்தின் கையேடு எதுவோ அதை அப்படியே பின்பற்றுங்கள்.

தமிழாக்கும் இருவரில் ஒருவர் மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். டாக்டர்கள் மட்டும் செய்தால் "மூச்சுத்திணறல், குமட்டல், மலச்சிக்கல், பசியின்மை" என்று துண்டுப் பிரசுரம் போல வரும். பள்ளி ஆசிரியரோ, வானொலியில் பேசுகிறவரோ, ரொம்ப நாளாக வார்டில் வேலை செய்யும் ஆயாவோ சேர்ந்தால் "வெளிக்குச் சரியாகப் போகிறதா" என்று வாய்க்கு வரும் தமிழாக வரும்.

சிக்கலான சில இடங்களைச் சொல்கிறேன்.

மூச்சு. "இளைப்பு இருந்ததா?" என்று ஒரு வரைவில் எழுதியிருந்தோம். மூச்சு வாங்குவதைத்தான் கேட்டோம். ஒரு ஐயா தன் மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துக் காட்டினார்: "பாருங்க, எவ்ளோ இளைச்சிட்டேன்னு." புற்றுநோயில் உடம்பு மெலிவதும் உண்டு, மூச்சு இரைப்பதும் உண்டு. அந்தச் சொல் அவரை எந்தப் பக்கமும் கொண்டுபோகும். "மூச்சு வாங்கியதா" என்று மாற்றினோம்.

களைப்பு. சி30-இல் ஓய்வு தேவைப்பட்டதா, பலவீனமாக உணர்ந்தீர்களா, களைப்பாக இருந்தீர்களா என்று மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன. நம்மிடம் களைப்பு, சோர்வு, அசதி, பலவீனம், தளர்ச்சி என்று ஐந்தாறு சொல். பணக்கார மொழிதான், ஆனால் எது எதற்கு என்று வீட்டுக்கு வீடு மாறுகிறது. "சோர்வு" என்று போட்டால் பாதிப் பேர் மனச்சோர்வாக எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பைக் கேட்கிறீர்கள் என்றால் "உடம்பு அசதியாக" என்று உடம்பைச் சேர்த்தே எழுதுங்கள்.

கட்டிலும் நாற்காலியும். பகலில் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்க வேண்டியிருந்ததா என்று ஒரு கேள்வி. பாயில் படுத்திருக்கும் பெரியவர் "நம்ம வீட்ல கட்டில் ஏது, சேர் ஏது" என்றுவிட்டு இல்லவே இல்லை என்பார். நாள் முழுக்கப் படுத்திருப்பவர் நன்றாக நடமாடுகிறவர்கள் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுவார். "படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ" என்று செயலை எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

கனமான பையைத் தூக்குவது பற்றியும் ஒரு கேள்வி உண்டு. தண்ணீர்க் குடம் என்று மாற்றலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். பெண்களுக்குச் சரி. ஆண்கள் பலர் குடம் தூக்கியே பழக்கமில்லாதவர்கள், நோய் வந்ததால் தூக்காமல் இருக்கவில்லை. ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கி வருவது இரு பாலருக்கும் பொருந்தியது. இப்படி உதாரணத்தை மாற்றும் முன் உரிமம் வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

பதில்களின் படிநிலை இன்னும் கஷ்டம். ஆங்கிலத்தில் நான்கு படி. தமிழில் இல்லவே இல்லை, கொஞ்சம், அப்புறம் ஒன்று, ரொம்ப. நடுவில் வரும் அந்த மூன்றாவது படிக்கு "ஓரளவு" என்று போட்டார்கள் ஒரு வரைவில். நாலு சொல்லையும் நாலு அட்டையில் எழுதிக் கொடுத்து, குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். சிலர் "ஓரளவு" அட்டையைக் "கொஞ்சத்துக்கு" முன்னால் வைப்பார்கள், சிலர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ரெண்டும் ஒண்ணுதானே" என்பார்கள். "கொஞ்சம் அதிகமாகவே" என்ற அட்டை தன் இடத்தில் நின்றது. பத்து நிமிட வேலைதான் இது, செலவில்லை. எந்தப் படிவமானாலும் இதைச் செய்யுங்கள்.

திரும்ப ஆங்கிலமாக்கும் படியை நிறையப் பேர் பெரிய பரீட்சையாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "வாழ்க்கைத் தரம்" என்பதைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், மூலத்தில் இருந்த அதே ஆங்கிலச் சொல் அச்சாகத் திரும்பி வரும். பரீட்சையில் நூற்றுக்கு நூறு. திண்ணையில் அது ஓட்டு வீடாகத்தான் விழுகிறது. படித்தவர் எழுதியதைப் படித்தவர் திருப்பினால் இருவரும் ஒரே அகராதியைத்தான் பார்க்கிறார்கள். பெரிய பிழை இருந்தால் பிடிக்கும், அதற்காகச் செய்ய வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள்.

புரிதல் நேர்காணல்

இதுதான் இந்த வேலையின் உயிர். இறுதி வரைவை எடுத்துக்கொண்டு ஒரு சில நோயாளிகளிடம் போய், பதிலை வாங்குவதோடு கேள்வியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றும் கேட்பது. இஸ்பார் 5 முதல் 8 பேர் என்கிறது, ஈஓஆர்டிசி 10 முதல் 15 பேர். வேலூரைச் சுற்றியுள்ள வட ஆற்காட்டுக்கு நான் 15-க்குக் குறைய மாட்டேன். ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசி வெளியில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. ஜவ்வாது மலையிலிருந்து வருகிறவர்களின் பேச்சு தனி. இவர்கள் எல்லாரும் நாளைக்கு உங்கள் தமிழ்ப் படிவத்துக்குத்தான் பதில் சொல்லப் போகிறார்கள். இதில் ஒவ்வொருவராவது வரட்டும். படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது? "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லாரும் புரிந்தது என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "அம்மா, இந்தக் கேள்வியை உங்க பக்கத்து வீட்டு அக்கா கிட்ட நீங்க கேட்கணும்னா எப்படிக் கேட்பீங்க?" அவர் திருப்பிச் சொல்லும் வாக்கியத்தை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளுங்கள். பாதி நேரம் அதுவே நல்ல மொழிபெயர்ப்பாக இருக்கும். பிறகு "கொஞ்சம்னு சொன்னீங்களே, எதை நினைச்சு சொன்னீங்க?" என்று கேளுங்கள்.

ஒரு உரையாடலை அப்படியே தருகிறேன். அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி, எழுபதுக்கு மேல் வயது.

"ஐயா, வலி எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னா, வலி இல்லையா?"

"இருக்குது. வந்தா வரட்டும், என்ன பண்றது, பரவாயில்ல."

"சரி ஐயா, பத்துக்கு எத்தனைன்னு சொல்ல முடியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ரூபாய்க்குப் பன்னெண்டணா இருக்கும்மா."

"பரவாயில்லை" என்ற சொல் வலி குறைவு என்றும் பொருள்படும், தாங்கிக்கொள்கிறேன் என்றும் பொருள்படும், நீ கவலைப்படாதே என்றும் பொருள்படும். அதை எந்த எண்ணாகவும் மாற்றாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். அணாக் கணக்கைக் கேட்டு நான் அன்றைக்குத்தான் கற்றேன். பத்து என்ற அளவு அவருக்குப் பள்ளிக்கூட மார்க். பதினாறு அணாதான் அவர் கை பழகிய அளவு. பன்னிரண்டு அணா என்றால் முக்கால், பத்துக்கு ஏழரை. படிவத்தில் அணா போட முடியாது, அந்தத் தலைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஏணிப் படம், தண்ணீர் நிரம்பும் சொம்புப் படம் என்று ஏதாவது ஒரு துணையோடு எண்ணைக் கேட்கலாமா என்று உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்க அது ஒரு காரணம்.

மெக்கில் படிவத்தில் தன் வாழ்க்கை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்ற கருத்தில் ஒரு கேள்வி வரும். "என் கையில என்ன இருக்குது, எல்லாம் ஆண்டவன் கையில" என்று பதில் வரும். மூலப் படிவத்தின் கணக்கில் அது மோசமான மதிப்பெண். சொன்ன பெரியவரின் முகத்தில் பார்த்தால் நிம்மதி. நம்பி ஒப்படைத்துவிட்டவரின் பேச்சு அது. இதைச் சொல் மாற்றித் தீர்க்க முடியாது. கேள்வி கேட்கும் பொருளே இங்கே வேறு இடத்தில் இருக்கிறது. அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள், அந்தக் கேள்வி புள்ளிவிவரத்தில் மற்றவற்றோடு ஒட்டாமல் போகும்போது காரணம் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம், அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். "உங்கள் நோயால் குடும்பத்துக்குத் தொந்தரவு ஏற்பட்டதா?" என்று மருமகள் காபி தம்ளரோடு நிற்கும்போது கேட்டால், பதில் அந்த மருமகளுக்குத்தான். மகன் பக்கத்தில் இருந்தால் மகனே பதில் சொல்வார்: "அம்மாவுக்கு வலியெல்லாம் இல்லைங்க." சண்டை போட வேண்டாம். "நீங்க சொல்றதையும் தனியா எழுதிக்கிறேன் அண்ணே, முதல்ல அம்மா சொல்லட்டும்" என்று ஒரு தாளை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கவனம் தேவைப்படுவது இது: நம் வீடுகளில் நோயாளிக்கே நோய் என்னவென்று சொல்லாமல் வைத்திருப்பார்கள். "புண்ணு", "கட்டி", "அல்சர்" என்று சொல்லி வைத்திருப்பார்கள். படிவத்தின் தலைப்பிலோ ஒப்புதல் தாளிலோ "புற்றுநோய்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால், அந்தச் செய்தியை அவருக்கு முதலில் சொல்வது உங்கள் தாளாகிவிடும். தாளைப் பார்த்துவிட்டு ஒரு நோயாளி என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததை நான் மறக்கவில்லை. போகும் முன்பு சிகிச்சைக் குழுவிடம் இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "உங்கள் உடல்நிலை" என்ற சொல் பெரும்பாலான இடத்தில் போதும்.

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். "வாழ்க்கைத் தரம்" என்பதற்கு என்ன செய்தோம்? நேர்காணல்களில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கச் சொன்னபோது ஆளுக்கு ஒரு மாதிரி வந்தது: "நாள் எப்படிப் போவுது", "எப்படி கீற", "மனசு உடம்பு எல்லாம் எப்படி". கடைசியில் "எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் நாட்கள் எப்படிப் போயின" என்ற வடிவம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழுந்தது. உரிமையாளர் அதை ஏற்காமல் போகலாம்; அப்போது பழைய சொல்லைத் தலைப்பாக வைத்து, இதை அடுத்த வரியில் விளக்கமாகச் சேர்க்கக் கேளுங்கள். கேட்கப் போகும்போது நேர்காணல் குறிப்புகள் கையில் இருந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: மூலம், வரைவு, யார் எப்படிப் புரிந்துகொண்டார், என்ன மாற்றினோம், ஏன்.

எண்களுக்கு வருவோம்

நெறிமுறைக் குழுவின் அனுமதி புரிதல் நேர்காணலுக்கு முன்பே வேண்டும். இதை மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் சார்பில்லாத ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். உங்கள் குழுவைச் சேர்ந்தவர் சாட்சியாகக் கூடாது. கிராமத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்கவே அரை மணி ஆகும், நேரத்தில் அதைச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? படிவத்தின் உள் அமைப்பை, அதாவது எந்தக் கேள்வி எந்தக் கேள்வியோடு சேருகிறது என்பதைச் சோதிக்க, கேள்வி எண்ணிக்கையைப் போல ஏழு மடங்கு, அதுவும் 100-க்குக் குறையாமல் என்பது, இப்படிப்பட்ட படிவங்களின் தரத்தை மதிப்பிட முறை வகுத்த காஸ்மின் குழுவின் வழிகாட்டுதல். 15 கேள்வி என்றால் 105 பேர். வேலூரில் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வெளிநோயாளி வரிசையைப் பார்த்து "ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்" என்று எழுதிவிடாதீர்கள். அதில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை, அதில் இருபது நிமிடம் பேசத் தெம்புள்ளவர்கள் எத்தனை என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். முகவரியும் அப்படித்தான். வயதானவர்கள் இன்னும் "நார்த் ஆற்காடு" என்பார்கள். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மறுபடி வீடு தேடிப் போக வேண்டியிருப்பதால் தாலுகா, பஸ் நிறுத்தம், பக்கத்து வீட்டு போன் நம்பர் வரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால், தாளில் இருப்பதை மட்டும் படிக்கப் பழக்குங்கள். புரியவில்லை என்றால் சொல்ல வேண்டிய விளக்கத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னால் அது ஆளுக்கு ஒரு படிவம்.

மதிப்பெண் கணக்கை ஒரு முறை கையால் போடுங்கள். சி30-இல் களைப்புக்கு மூன்று கேள்வி. பதில்கள் 2, 3, 3 என்றால் சராசரி 2.67. அதில் 1 கழித்து, 3-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் 55.6. களைப்பு போன்ற தொந்தரவுகளுக்கு எண் கூடினால் மோசம். நடமாட்டம் போன்ற செயல்பாடுகளுக்கு அதே கணக்கை 100-இலிருந்து கழிக்க வேண்டும். அங்கே எண் கூடினால் நல்லது. இந்தத் திசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, முடிவு ஏன் விசித்திரமாக இருக்கிறது என்று வாரக்கணக்கில் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே விஷயத்தைக் கேட்கும் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு க்ரோன்பாக் ஆல்ஃபா. 0.70-க்கு மேல் இருந்தால் சரி என்பது வழக்கம். 0.95-ஐத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள், ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறீர்கள் என்று பொருள். "களைப்பு", "அசதி" என்று போட்டு நோயாளிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டால் இப்படித்தான் ஆகும். தூக்கம், பசி போன்ற ஒற்றைக் கேள்விகளுக்கு ஆல்ஃபாவே கிடையாது. அவற்றுக்கு, அதே கேள்வியை இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கும் மறுசோதனைதான் கதி.

அடுத்து, எதிர்பார்ப்பை முன்கூட்டி எழுதி வைத்துச் சோதிப்பது. நடமாடுகிறவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மதிப்பெண் வித்தியாசப்பட வேண்டும். நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்று டாக்டர்கள் எண்ணால் குறிக்கும் ஈகாக் அளவை வைத்துப் பிரித்துப் பாருங்கள். படிவத்தின் வலி மதிப்பெண்ணும், தொந்தரவுகளைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கும் எட்மன்டன் அளவுகோலின் வலி எண்ணும் 0.5-க்கு மேல் உறவு (கோரிலேஷன்) காட்ட வேண்டும். தரவைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பை எழுதினால் அது எதிர்பார்ப்பு அல்ல.

மறுசோதனையும் பாதியில் நின்ற தாள்களும்

உடல்நிலை மாறாதபோது பதிலும் மாறக் கூடாது. அதைப் பார்க்க அதே படிவத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும். பாடப்புத்தகங்கள் இரண்டு வாரம் என்கின்றன. ஆதரவு சிகிச்சையில் இரண்டு வாரம் என்பது ரொம்ப நீண்ட காலம். இரண்டு மூன்று நாளில் போங்கள். இடையில் மார்ஃபின் அளவு மாறியிருந்தால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். போனதும் முதல் கேள்வியாக "போன தடவை நான் வந்தப்போ இருந்ததுக்கு இப்ப அப்படியே இருக்குதா, நல்லா இருக்குதா, மோசமா இருக்குதா" என்று கேளுங்கள். "அப்படியே" என்றவர்களை மட்டும் வைத்து, இரண்டு முறையின் மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஐசிசி எண்ணைக் கணக்கிடுங்கள்; 50 பேராவது இருக்கட்டும், 0.70 எல்லை. மற்றவர்களின் தாளையும் எறியாதீர்கள். நிலை மாறியபோது மதிப்பெண்ணும் மாறியதா என்று பார்க்க அதே தாள் உதவும்.

பாதியில் களைத்துப் போனால் நிறுத்துங்கள். "போதும்மா" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நிரம்பாத கட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: தூங்கிவிட்டார், அழுதார், வாந்தி வந்தது, கேள்வி பிடிக்கவில்லை, மகன் நிறுத்தச் சொன்னார். சி30-இல் ஒரு பிரிவின் கேள்விகளில் பாதியாவது நிரம்பியிருந்தால் மதிப்பெண் கணக்கிடலாம். நிரம்பாத கட்டங்கள் பெரும்பாலும் ரொம்ப முடியாதவர்களுடையவை. அவர்களை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், எழுந்து உட்கார்ந்து பேசக்கூடியவர்களுக்கு மட்டும் சரியான படிவம் ஒன்று கையில் மிஞ்சும்.

மறுசோதனைக்குக் கிளம்பும் முன், காலையில் சிகிச்சைக் குழுவுக்கு ஒரு போன் போட்டு ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை கேட்காமல் போய்விட்டேன். தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. திரும்பிவிடலாமா என்று தோன்றியது, ஆனால் வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். பையைக் கோயில் வாசலில் இருந்த பூக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டு மூத்த மகள் வந்து பக்கத்தில் அமர்ந்து, "நீங்க அன்னிக்கு வந்து கேட்டீங்களே, ராத்திரி எல்லாம் அதையே பேசிக்கினு இருந்தாங்க, யாரும் இவ்ளோ கேட்டதில்லன்னு" என்றார். அந்த நோயாளியின் முதல் தாள் நிரம்பியே இருந்தது. மறுசோதனைப் பகுதியில் தேதியும் "காலமானார்" என்ற காரணமும் எழுதி, அவர் பதில்களை முதல் சோதனைக் கணக்கில் சேர்த்தோம்.